சோப்பு மோல்டு: சிலிகானா, மரமா, ஆவின் கவரா? (எதிர்வீட்டு டின்னைப் பொசுக்கினவள் கேட்கிறேன்)

தண்டையார்பேட்டை_மருமகள்

நாத்தனாருக்கு வளைகாப்பு. இன்னும் சரியா ஏழு வாரம் இருக்கு. தாம்பூலப் பையில வெத்தலை பாக்கு, கண்ணாடி வளையலோட நானே செஞ்ச சோப்பு ஒண்ணு வைக்கறேன்னு மாமியார்கிட்ட பெருமையா சொல்லிட்டேன். 40 சோப்பு வேணும். வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்.

கோல்டு பிராசஸ்ல (எண்ணெயில காஸ்டிக் சோடாக் கரைசலைக் கலந்து, அடுப்புல காய்ச்சாம செய்யற முறை) நாலஞ்சு தடவை செஞ்சிருக்கேன். எல்லாம் தயிர் டப்பாவுல ஊத்தினதுதான். இந்தத் தடவை நீளமா ஊத்தி கத்தியால பீஸ் போடலாம்னு எதிர்வீட்டு அக்காகிட்ட பிரெட் சுடற டின் கேட்டு வாங்கினேன். உள்ளே பட்டர் பேப்பர் போட்டேன். மூலைல மடிப்பு சரியா உக்காரல, போகட்டும்னு விட்டுட்டேன். தேங்காய் எண்ணெய், தவிட்டு எண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய். ட்ரேஸ் (கலக்கக் கலக்கக் கெட்டியாகி ஊத்தறதுக்கு வர்ற பதம்) அருமையா வந்துச்சு. ஊத்திட்டுப் பாத்திரம் கழுவப் போனா, பின்னாடி புஸ்ஸுன்னு சத்தம். சோடா மூடியைத் திறந்தா வருமே, அது மாதிரி. ஆனா நிக்கவே இல்ல. ஒரு மூலைல சாம்பல் நிறத்துல நுரை ஏறுது, டின்னைத் தொட முடியல, அவ்வளவு சூடு.

காலைல கவுத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் பூரா ஆப்பம் மாதிரி பொத்தல் பொத்தலா, கருப்பா இருக்கு. பேப்பர் பாதி சோப்புக்குள்ளயே போயிடுச்சு. டின்னோட மூலை சொரசொரன்னு அரிச்சுப் போயிருக்கு. அந்த அக்கா முகத்துல எப்படி முழிக்கறதுன்னு தெரியல.

என்ன தப்பு பண்ணேன்? 40 சோப்புக்கு எந்த மோல்டு வாங்கலாம்? உள்ளே என்ன பேப்பர் போடணும்? நிறைய செலவு பண்ண முடியாது. சிலிகான் மோல்டு நல்லதா ஒண்ணு வாங்கினாலே மாமியார் கணக்கு கேப்பாங்க.

---

காஸ்டிக்_தாத்தா

அம்மா, டின்னைப் பார்க்காமலே சொல்கிறேன், அது அலுமினியம். காஸ்டிக் சோடாவும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் கரைந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். நீ கேட்ட புஸ் சத்தம் அந்த வாயுதான். சூடும் அந்த வினையில் வந்ததுதான். மேலே மெல்லிய ஆக்சைடு படலம் இருப்பதால் அலுமினியத்தைக் காற்றும் தண்ணீரும் ஒன்றும் செய்வதில்லை. காஸ்டிக் முதலில் அந்தப் படலத்தைத்தான் தின்னும். அப்புறம் தடுக்க ஆளில்லை.

பக்கத்தில் அடுப்பு எரிந்து கொண்டிருந்ததா? இல்லை என்று நம்புகிறேன். ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு. இனி இப்படி ஏதாவது நுரைத்தால் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திற. கையுறை போட்டுக்கொண்டு டின்னோடு மொட்டை மாடிக்குக் கொண்டு போய்விடு. சமையலறையில் நின்று வேடிக்கை பார்க்காதே.

அந்தச் சோப்பை யாருக்கும் கொடுக்காதே. காஸ்டிக்கின் ஒரு பங்கு அலுமினியத்தோடு போய்விட்டது. மிச்சம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மணலியில் ஒரு ரசாயன ஆலையில் முப்பது வருஷம் ஓட்டியவன் நான். பெரிய ஆலையிலேயே காஸ்டிக் போகும் வழியில் அலுமினிய வால்வு ஒன்று தெரியாமல் வந்து உட்கார்ந்துவிட்டால் ஷிப்டே நின்றுவிடும். வீட்டில் சோப்பு செய்கிறவர்கள் அலுமினிய ஃபாயில், அலுமினிய டிரே, பழைய இட்லித் தட்டு எதையும் கிட்டே சேர்க்கக் கூடாது. தகர டப்பா, கால்வனைஸ் (துத்தநாகப்) பூச்சு பூசிய வாளி இரண்டும் அப்படித்தான். துத்தநாகத்தையும் காஸ்டிக் விடாது. எவர்சில்வர் சரி.

---

தண்டையார்பேட்டை_மருமகள்

அடுப்பு அணைச்சிருந்துச்சு தாத்தா, சாமி காப்பாத்துச்சு. ஆனா நான் பேப்பர் போட்டிருந்தேனே, அப்புறம் எப்படி டின்னைத் தொட்டுச்சு?

---

பெரம்பூர்_லோகோ_அக்கா

பட்டர் பேப்பர்னு எதை வாங்கின? அங்கதான் விஷயமே இருக்கு. நம்ம ஊர்ல பட்டர் பேப்பர்னு கேட்டா ரெண்டு மூணு சாமானைத் தூக்கிக் குடுப்பாங்க. ஸ்டேஷனரி கடையில குடுக்கறது கோலம் டிரேஸ் எடுக்கற மொடமொடப்பான கண்ணாடித் தாள். ஸ்வீட் கடையில அடுக்குக்கு நடுவுல வைக்கறது மெழுகுத் தாள். கேக் சாமான் விக்கற கடையில கிடைக்கறது மேல சிலிகான் பூசின பேக்கிங் பேப்பர். மூணுக்கும் பேர் ஒண்ணே.

முதல் ரெண்டும் நமக்கு உதவாது. டிரேஸ் பேப்பர் ஈரத்துல ஊறி சோப்போட ஒட்டிக்கும். மெழுகுத் தாள்ல மெழுகு சூட்டுல உருகிடும், மிச்சம் வெறும் தாள்தான். ஊத்தின சோப்பு நடுவுல 70 டிகிரிக்கு மேல கூட ஏறும், மெழுகு எங்க நிக்கும்? நீ வாங்கினது இதுல ஒண்ணாத்தான் இருக்கணும், இல்லன்னா சோப்புக்குள்ள போயிருக்காது.

சரியானதை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, ஒரு துண்டு கிழிச்சு நாலு சொட்டு தண்ணி விடு. முத்து மாதிரி உருண்டு நின்னா, பத்து நிமிஷம் கழிச்சும் அடியில ஈரம் தெரியலன்னா எடுத்துக்கோ. தண்ணி பரவித் தாள் சுருங்கினா கடைக்காரருக்குத் திருப்பிக் குடுத்துட்டு வா. வெளிநாட்டு வீடியோல சொல்ற ஃப்ரீசர் பேப்பர் இங்க தேடி அலையாத. ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசின அந்தத் தாளைப் பத்தி எங்க கேட்டாலும் ஃப்ரிட்ஜ் கடைக்கு வழி சொல்றாங்க.

மோல்டுக்கு என் ஓட்டு சிலிகானுக்குத்தான். லைனர் (உள்ள போடற தாள்) வேலையே கிடையாது.

---

வால்டாக்ஸ்_ஆசாரி

அக்கா சொல்லட்டும், நான் மரம்தான் சொல்லுவேன், என் தொழில் அது. இருந்தாலும் சும்மா சொல்லல. எங்க வீட்டம்மா சோப்பு செய்யுது, நாலு வருஷமா நான்தான் பொட்டி அடிச்சுக் குடுக்கறேன்.

மொதல்ல அளவு பாருங்க தங்கச்சி. உள் அளவு 25 சென்டிமீட்டர் நீளம், 8 அகலம், 6 உயரம். பெருக்கினா 1200. அவ்ளோ மில்லி புடிக்கும். அதுல 0.7-ஆல பெருக்குனா 840. அதான் எண்ணெய் கிராம் கணக்கு. தண்ணி, காஸ்டிக் எல்லாம் சேந்து பொட்டி வாய் வரைக்கும் வரும். எந்தப் பொட்டிக்கும் இதே கணக்கு போட்டுக்கலாம், தயிர் டப்பாவுக்கும்தான். ரெண்டரை சென்டிமீட்டர் தடிப்புல வெட்டுனா பத்து பீஸு. ஒவ்வொண்ணும் 120 கிராம் பக்கம். தாம்பூலப் பைக்கு அவ்ளோ பெருசு எதுக்கு? ரெண்டா வெட்டுங்க, 20 ஆச்சு. ரெண்டு தடவை ஊத்துனா ஒங்க 40 முடிஞ்சிது.

பொட்டிக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். வால்டாக்ஸ் ரோட்டுல துண்டு மரம் தூக்கிப் போடற வெலைக்குக் கெடைக்கும். நாலு பக்கத்தையும் ஆணி அடிச்சு மூடிடாதீங்க. நீளப் பக்கம் ரெண்டும் கழட்டறாப்புல இருக்கணும். முனைல மரை போட்டு பட்டர்ஃபிளை நட்டு. சோப்பு கெட்டியானதும் நட்டைத் தளத்துனா பலகை தானா வுழும், சோப்பு நிக்கும். கவுத்துத் தட்ட வேண்டிய வேலை இல்ல.

ஒண்ணே ஒண்ணு. மூலைக்கு அழகா இருக்கும்னு அலுமினிய ஆங்கிள் போடறானுங்க. பெரியவர் சொன்ன கதைதான் அப்புறம்.

---

பெரம்பூர்_லோகோ_அக்கா

தம்பி, பொட்டி நல்லாத்தான் இருக்கும், யாரு இல்லன்னா? ஆனா வாரத்துக்கு ஒரு தடவை செய்யறவ ஒவ்வொரு தடவையும் தாள் வெட்டி மடிச்சுட்டு உக்காந்திருக்க முடியுமா? நான் காலைல ரெண்டு பேருக்கு டிபன் கட்டி அனுப்பணும்.

---

வால்டாக்ஸ்_ஆசாரி

அக்கா, ஒங்க நீட்டு சிலிகான் மோல்டு நடுவுல வயிறு தள்ளி நிக்குதா இல்லியா, உண்மையச் சொல்லுங்க.

---

பெரம்பூர்_லோகோ_அக்கா

தள்ளுது 😄 அதுக்கு ரெண்டு பக்கமும் செங்கல் வச்சிருக்கேன்.

சரி, சிலிகான்ல எனக்கே உள்ள குறையையும் சொல்லிடறேன். மரமும் பேப்பரும் கொஞ்சம் ஈரத்தை வெளிய விடும், சிலிகான் விடாது. நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய் அதிகம் போட்டுச் செஞ்ச மெத்துன்னு இருக்கற சோப்பு ரெண்டு மூணு நாள் ஆனாலும் சிலிகானை விட்டு வராது. பொறுமை இல்லாம இழுத்தா மூலை பிஞ்சு உள்ளயே தங்கிடும். ரெண்டாவது, வெயில் காலத்துல சோப்பு ரொம்ப சூடானா சிலிகான் தொட்ட பக்கம் சின்னச் சின்னக் குமிழ் வரும், வேர்க்குரு மாதிரி. மே மாசம் எங்க வீட்டு எண்ணெய் டின்னே வெதுவெதுன்னு இருக்கும், அதுல ஊத்தினா கேக்கவா வேணும்? மூணாவது, வாசனை. ஒரு தடவை சோப்பு ஊத்தின சிலிகான்ல அப்புறம் கேக் செய்யக் கூடாது. நான் செஞ்சேன். பிள்ளைங்க "அம்மா, லாவண்டர் கேக்கா?"ன்னாங்க. நான் வச்சது வெனிலா.

சீக்கிரம் கழறணும்னா, காஸ்டிக் கலக்கற தண்ணில 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பு முதல்லயே கரைச்சுடு. உப்பு கரைஞ்ச அப்புறம்தான் காஸ்டிக். சோப்பு சீக்கிரம் இறுகும்.

---

புதுசு_கத்துக்கறேன்

வியாசர்பாடிலேர்ந்து வணக்கம். நடுவுல வந்து கேக்கறேன், மன்னிக்கணும். எவர்சில்வர் இட்லித் தட்டுல ஊத்தலாமா? அழகா வட்டமா வரும்ல. இல்லன்னா கொட்டாங்குச்சி? ஒரு வீடியோவில் பார்த்தேன்.

---

பெரம்பூர்_லோகோ_அக்கா

எவர்சில்வர் கெடாது, ஆனா சோப்பு கெட்டியாப் புடிச்சுக்கும், லைனர் போடவும் இடமில்ல. ஸ்பூனால நோண்டித்தான் எடுக்கணும். அதுக்கப்புறம் அந்தத் தட்டுல இட்லி ஊத்த மனசு வருமா? கொட்டாங்குச்சி வீடியோவுக்கு மட்டும்தான். உள்ள இருக்கற நார் பூரா சோப்பைப் புடிச்சுக்கும்.

சின்ன உருவம் வேணும்னா தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா பாரு. அடியில முக்கோணத்துக்குள்ள 5-ன்னு இருந்தா பாலிபுரொப்பிலீன், 2-ன்னு இருந்தா ஹெச்டிபிஇ. ரெண்டும் காஸ்டிக்கும் தாங்கும், சூடும் தாங்கும். 1-ன்னு இருந்தா விடு. தண்ணி பாட்டில் பிளாஸ்டிக் அது, சூட்டுல நெளிஞ்சுடும்.

---

காசிமேடு_கட்டுமரம்

எங்காளு ஃபைபர் படகு ரிப்பேர் பண்றவரு. சோப்பு பொட்டியும் ஃபைபர்லயே ஊத்திக் குடுக்கறேன்னாரு. படகையே கடல் தண்ணில நிக்க வைக்குது, சோப்பைத் தாங்காதா? சொல்லுங்க, பத்து பொட்டி போட்டுடலாம்.

---

காஸ்டிக்_தாத்தா

தம்பி, அவரை நிறுத்தச் சொல். படகுக்குப் பெரும்பாலும் ஊற்றுவது பாலியெஸ்டர் ரெசின். அது எஸ்டர் என்ற ரசாயன வகை. எண்ணெயும் எஸ்டர்தான். காஸ்டிக் எண்ணெயை உடைத்துச் சோப்பாக்குகிற அதே வேலையைத்தான் அந்த ரெசினிலும் காட்டும். கடல் தண்ணீரில் உப்புதான் இருக்கிறது, காஸ்டிக் இல்லை. உங்கள் பெட்டியே கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாகும். பளபளப்பு முதலில் போகும், அப்புறம் கண்ணாடி நார் தலை நீட்டும். அதைத் தேய்த்துக் குளித்தால் தெரியும் சங்கதி.

---

காசிமேடு_கட்டுமரம்

ஐயோ பெரியவரே. சொன்னேன், "சோப்புக்குள்ள இவ்ளோ விவகாரமா"ன்னு சிரிச்சிட்டுப் போயிட்டாரு.

வேற ஒண்ணு சொல்றேன், இது எங்க வீட்ல நெசமாவே செய்யறது. பிவிசி பைப்பு. மூணு இஞ்சுத் துண்டு, ஒரு பக்கம் மூடி. உள்ள ஓஹெச்பி ஷீட்டை (புரொஜெக்டர்ல வைக்கற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்) உருட்டி வுட்டுட்டு ஊத்துவோம். மறுநாள் ஃப்ரீசர்ல ஒரு ரெண்டு மணி நேரம். எடுத்து மூடியத் தட்டிட்டு அடில தக்காளி டப்பா வச்சுத் தள்ளுனா வாழத்தண்டு மாதிரி வழுக்கிட்டு வெளிய வரும். வட்டமா வெட்டிக்க வேண்டிதான். கரண்டு போற நாள்ல மட்டும் ஊத்தாதீங்க, ஃப்ரீசர் கைவுட்டா பைப்பும் கைவுட்டுடும்.

---

கொளத்தூர்_மீன்தொட்டி

ஓஹெச்பி ஷீட்டும் பாலியெஸ்டர்தானே ஐயா? ஃபைபர் பெட்டி கூடாது, அது மட்டும் கூடுமா? வம்புக்குக் கேட்கவில்லை. நான் மீன்தொட்டி செய்கிறவன். மீதி அக்ரிலிக் துண்டில் பெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன், உள்ளே எந்த ஷீட் போடுவது என்று யோசனை.

---

காஸ்டிக்_தாத்தா

நல்ல கேள்வி, பிடித்துவிட்டீர்கள். ஆமாம், அதுவும் பாலியெஸ்டர்தான். ஆனால் அது நெருக்கமாக இழுத்துப் பின்னிய படலம், காஸ்டிக் அதைத் தின்னும் வேகம் மிகக் குறைவு. அதோடு சோப்பு ஊற்றிய ஒரு நாளுக்குள் காஸ்டிக்கில் பெரும்பகுதி எண்ணெயோடு சேர்ந்து தீர்ந்துவிடுகிறது. அந்த ஷீட்டைச் சில தடவைக்கு மேல் பயன்படுத்தினால் மங்கலாகத் தெரியும், அப்போது மாற்றிவிடுங்கள். காசைப் போட்டுச் செய்த பெட்டியை அப்படித் தூக்கிப் போட முடியாதே. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஓஹெச்பி ஷீட்டில் இன்னொரு லாபம், சோப்பின் பக்கம் கண்ணாடி போல வரும். பேக்கிங் பேப்பரில் அந்த மினுக்கு வராது.

---

தண்டையார்பேட்டை_மருமகள்

எல்லாம் படிச்சேன். ஆசாரி அண்ணன் பொட்டியே செஞ்சுக்கறேன், வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை வால்டாக்ஸ் ரோடு போறாராம். இப்ப லைனர் மடிக்கறதைச் சொல்லிக் குடுங்க. என் தலைவலியே அந்த மூலைலதான் ஆரம்பிச்சுது. பேக்கிங் பேப்பர் எங்க கிடைக்கும்?

---

பெரம்பூர்_லோகோ_அக்கா

ஒரே தாளைப் போட்டு மூலை மடிக்கறதை விட்டுடு. பரிசுப் பொருள் கட்டற மாதிரி மூலைல நாலு மடிப்பு விழும், அந்த மடிப்புக்குள்ள சோப்பு புகுந்து காது மாதிரி நீட்டிட்டு நிக்கும். ரெண்டு பட்டையாப் போடு.

முதல் பட்டை பொட்டியோட நீளத்துக்கு, 25 சென்டிமீட்டர் அகலம். அது ஒரு பக்கத்துல ஏறி, அடியில போயி, அடுத்த பக்கம் ஏறணும். 6 கூட்டல் 8 கூட்டல் 6, 20 ஆச்சு. வெளிய தொங்க பக்கத்துக்கு 3 விட்டா மொத்தம் 26. ரெண்டாவது பட்டை 8 சென்டிமீட்டர் அகலம். முனைல ஏறி, நீளமா போயி, அந்த முனைல ஏறணும். 6, 25, 6, தொங்கல் 6. மொத்தம் 43. அளவை ஸ்கேல் வச்சு மடிச்சு, மடிப்பை நகத்தால அழுத்தித் தேய். பொட்டிக்குள்ள போட்டா கோணம் கூர்மையா உக்காரணும். உக்காரலன்னா ஒரு மில்லிமீட்டர் சீவு. பேப்பர் ஒரு சுருக்கம் விழுந்தாலும் அது அப்படியே சோப்புல கோடா வரும். தொங்கற காதை வெளிய பைண்டர் கிளிப் போட்டுப் புடி, இல்லன்னா ஊத்தறப்ப உள்ள சரிஞ்சு வந்துடும்.

தாள் பலகையோட ஒட்டி நிக்கணும்னா பொட்டி உள்பக்கம் பெட்ரோலியம் ஜெல்லி விரல் நுனில தொட்டுத் தடவு. தேங்காய் எண்ணெய் தடவாத. நிறைய பேர் அதைத்தான் செய்யறாங்க, கேக் டின் பழக்கம். காஸ்டிக்குக்கு அதுவும் எண்ணெய்தானே, அதையும் சோப்பாக்கிட்டு ஒட்டிக்கும். ஜெல்லி மினரல் ஆயில் வகை, அது சோப்பாகாது.

பேப்பர், ஓஹெச்பி ஷீட் ரெண்டுக்கும் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகைத் தாள் வாங்கற கூட்டத்துக்கு நடுவுல நிக்கணும், காலைலயே போயிடு.

---

மணலி_மொட்டைமாடி

இவ்வளவு கஷ்டம் எதுக்குங்க? கடையில் சோப்பு பேஸ் (ஏற்கெனவே செஞ்சு விக்கிற சோப்புக் கட்டி) வாங்கி உருக்கி, பூ மாதிரி சிலிகான் அச்சில் ஊத்தினா ஒரு மணி நேரத்தில் 40 சோப்பு. காஸ்டிக்கும் வேண்டாம், லைனரும் வேண்டாம், ஏழு வாரமும் வேண்டாம். என் அனுபவம் இது, யாரையும் குறை சொல்லலை.

---

பெரம்பூர்_லோகோ_அக்கா

நல்ல வழிதான், ஆனா நம்ம கடலோரக் காத்தை மறந்துட்டீங்க. அந்த பேஸ்ல கிளிசரின் அதிகம், காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து மேல முத்து முத்தா வேர்க்கும். அச்சுலேர்ந்து எடுத்த உடனே கிளிங் ஃபிலிம் சுத்தணும். தாம்பூலப் பையில வெத்தலையோட வச்சீங்கன்னா வெத்தலை ஈரம் வேற. யாரு வீட்டுக்குப் போயிப் பிரிச்சாலும் கையில ஒட்டும்.

---

மணலி_மொட்டைமாடி

கிளிங் ஃபிலிம் சுத்தித்தான் குடுக்கறேன். சரி, வெத்தலையை நான் யோசிக்கலை.

---

காசிமேடு_கட்டுமரம்

ஆவின் பால் கவரு போடலாமான்னு தலைப்புல கேட்டிருந்தீங்க, யாரும் அதுக்கு வாய் தொறக்கல. எங்க ஆத்தா போட்ட ஆளு. அரை லிட்டர் பச்சைக் கவரை வெட்டி விரிச்சு, சீயக்காய் போட்டுக் கழுவி, கொடில கிளிப் மாட்டிக் காய வுடும். பிரிண்டு அடிச்ச பக்கம் வெளிய, பால் தொட்ட பக்கம் சோப்பைத் தொடறாப்புல. நாலு கவரை வெளிப்பக்கமா டேப்பு ஒட்டி ஒரு பொட்டிக்கு ஆக்கிடும். சோப்பு சும்மா உரிச்ச மாதிரி வரும்.

ரெண்டு கஷ்டம் இருக்கு. கவரு மெல்லிசு, சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தை ஆத்தா "அலை"ன்னு சொல்லி சமாளிச்சுக்கும். இன்னொண்ணு, கழுவுறதுல பால் நெய் கொஞ்சம் நின்னாலும் நாத்தம். நெறைய தடவை கழுவணும்.

---

கொளத்தூர்_மீன்தொட்டி

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு வீடியோக்களில் பால் அட்டைப் பெட்டியை வெட்டி அப்படியே மோல்டாக்குகிறார்கள். அவர்கள் ஊரில் ஃப்ரிட்ஜில் வைக்கும் பால் அட்டையில் பிளாஸ்டிக் பூச்சு மட்டும்தான். நம் கடைகளில் வெளியே அடுக்கியிருக்கும் ஜூஸ், பால் அட்டைகள் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க நடுவில் அலுமினியப் படலம் வைத்தவை. உள்ளே பிளாஸ்டிக் மூடியிருப்பதால் முதல் தடவை ஒன்றும் ஆகாமல் போகலாம். கத்தி கீறின இடத்தில் அலுமினியம் தலை காட்டினால் மருமகள் அக்காவின் டின் கதைதான். உருளைக்கிழங்கு சிப்ஸ் வரும் உருளை டப்பாவும் அப்படியே, உள்ளே வெள்ளி நிறத்தில் மின்னுமே, அது.

என் அக்ரிலிக் பெட்டியைப் பற்றி: ஓஹெச்பி ஷீட் போட்டு ஊற்றினேன். வெளியிலிருந்தே உள்ளே நடப்பது தெரிந்தது. ஊற்றி இரண்டு மணி நேரத்தில் நடுவில் நிறம் மாறி, ஜெல்லி மாதிரி பளபளத்து, ஓரத்துக்கு நகர்ந்து வந்தது. ஓரம் வரை வராமல் நின்றுவிட்டது. வெட்டினால் நிலாவைச் சுற்றி வளையம் கட்டுமே, அதுபோல ஒவ்வொரு பீஸிலும் கருமையான ஒரு வட்டம்.

---

காஸ்டிக்_தாத்தா

சோப்பு சூடேறி ஜெல்லி போல ஆவதை ஜெல் நிலை என்பார்கள். அது பாதியில் நின்றதன் அடையாளம் இது. கெடுதல் இல்லை, கண்ணுக்குத்தான் உறுத்தும். அக்ரிலிக் மெல்லிசு, சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும். மரம் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுதும் ஜெல் ஆக வேண்டும் என்றால் பழைய போர்வையைச் சுற்றுங்கள். வேண்டாம் என்றால் ஊற்றியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒன்று முழுசாகப் போ, இல்லை போகாதே.

பால், வெல்லம், தேன் சேர்க்கிறவர்கள் போர்வையைத் தொடவே வேண்டாம். சர்க்கரை சூட்டை ஏற்றும். மேலே பிளந்து எரிமலை போல வழியும். நம்மூர் மே மாதத்தில் வெறும் சோப்புக்கே போர்வை தேவையில்லை.

---

காசிமேடு_கட்டுமரம்

போர்வை எதுக்கு, எங்கிட்ட தெர்மாகோல் பொட்டி இருக்கு, மீன் ஐஸ் வச்சு அனுப்பற பொட்டி. ஐஸை உருகாம வைக்கறது சூட்டை ஆறாமலும் வைக்கும்ல? கார்த்திகை, மார்கழில நாங்க மோல்டை அதுக்குள்ள வச்சு மூடிடுவோம். ஓரம் வரைக்கும் ஜெல் ஆகும்.

---

பெரம்பூர்_லோகோ_அக்கா

மீன் வாசம்?

---

காசிமேடு_கட்டுமரம்

புதுப் பொட்டிக்கா அது. பழசுல வைப்பேனா நான்.

---

காஸ்டிக்_தாத்தா

மருமகளுக்கு ஒன்று சொல்ல மறந்தேன். பெட்டி நிறையவில்லையே என்று கடைசியில் எண்ணெயை ஒரு கை கூட ஊற்றுகிறவர்கள் உண்டு, அதைச் செய்யாதே. ஒவ்வோர் எண்ணெய்க்கும் காஸ்டிக் அளவு வேறு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் கேட்கும், ஒரு கிலோ விளக்கெண்ணெய் ஏறக்குறைய 128 கேட்கும். ஆசாரி சொன்ன 840 கிராமை முதலில் பிரித்து எழுதி, இணையத்தில் உள்ள காஸ்டிக் கால்குலேட்டரில் போட்டு, ஐந்து சதவீதம் எண்ணெய் மிஞ்சுகிற மாதிரி காஸ்டிக்கைக் குறைத்து எடு. எடை எல்லாம் தராசில், டம்ளர் கணக்கில் அல்ல. காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றாதே. கண்ணாடி, கையுறை போட்டுக்கொள். மேலே பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவு, வினிகர் தடவாதே.

தேங்காய் எண்ணெய் பங்கு அதிகமானால் வெட்டும் நேரத்தையும் கவனி. முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்தது நாலைந்து மணி நேரத்திலேயே கத்தி வைக்கக் கெட்டியாகும். மறுநாள் வரை விட்டால் பாறை போல ஆகி வெட்டும்போது உதிரும். அந்த வகைக்கு நீளப் பெட்டியை விடத் தனித்தனி அச்சு நல்லது, கத்தியே வேண்டாம்.

---

தண்டையார்பேட்டை_மருமகள்

(பதினோரு நாள் கழிச்சு)

ரெண்டு தடவையும் ஊத்தியாச்சு! வீட்டுக்காரர் பொட்டியை அடிச்சார். ஒரு பக்கம் கொஞ்சம் கோணல், கேட்டா "மரம் அப்படி"ங்கறார்.

முதல் தடவை பேக்கிங் பேப்பர். லோகோ அக்கா சொன்ன அளவை அப்படியே வெட்டினேன், தண்ணி முத்து வச்சுப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆண்டர்சன் தெருக் கடைக்காரர் "கல்யாணமாமா?"ன்னார், "வளைகாப்பு"ன்னேன். பைண்டர் கிளிப் ஆறு. ராத்திரி ஒன்பது மணிக்கு ஊத்தினேன், மறுநாள் மத்தியானம் மூணு மணிக்கு நட்டைத் தளத்தினேன். பலகை தனியா வந்துச்சு. பேப்பர் ஒரு முனையைப் புடிச்சு இழுத்தா வாழைப்பழத் தோல் மாதிரி வருது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. மூலை நாலும் கத்தி மாதிரி. கத்தியை வச்சு அழுத்தினா கெட்டி வெண்ணெய் வெட்டற மாதிரி போச்சு.

ரெண்டாவது தடவை ஓஹெச்பி ஷீட். பக்கமெல்லாம் மினுமினுன்னு. ஆனா ஷீட் அடியில சரியா ஒட்டாம ஒரு இடத்துல தூக்கிட்டு, அங்க சோப்பு உள்ள புகுந்து சப்பாத்தி மாதிரி ஒரு ஏடு. சீவி எடுத்துட்டேன், தெரியல.

ஒரே கவலை, முதல் தடவை சோப்பு மேல மாவு தூவின மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு. மேல்பக்கம் மட்டும். சரியாயிடுமா?

மறந்துட்டேன், எதிர்வீட்டு அக்காவுக்குப் புது டின் வாங்கிக் குடுத்துட்டேன். பழசை என்கிட்டயே வச்சுக்கச் சொல்லிட்டாங்க. அதுல புதினா வச்சிருக்கேன், அரிச்ச மூலையிலேர்ந்து தண்ணி நல்லா வடியுது.

---

காஸ்டிக்_தாத்தா

அது சோடா சாம்பல். மேலே மிஞ்சிய காஸ்டிக் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து ஆனது. தீங்கில்லை. ஆவி வரும் கெட்டில் வாயில் காட்டினால் கரைந்துவிடும், இல்லை ஈரத்துணியால் துடை. அடுத்த தடவை ஊற்றியதும் கிளிங் ஃபிலிமை மேலே படும்படி மூடு.

இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. சோப்பு காய நாலு முதல் ஆறு வாரம் வேண்டும், உனக்குச் சரியாக இருக்கும். அலமாரியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்தி வை. அடியில் செய்தித்தாள் போடாதே, மை ஒட்டும். வாரம் ஒரு தடவை திருப்பு.

---

மணலி_மொட்டைமாடி

நல்லா வந்திருக்கு. இதையே விக்கலாமே அக்கா?

---

பெரம்பூர்_லோகோ_அக்கா

விக்கறதுன்னா அழகுசாதனப் பொருள் விதிகள் 2020-படி தயாரிப்பு உரிமம் வாங்கணும், வீட்டுச் சமையலறையைக் காட்டிக் கிடைக்காது. வளைகாப்புக்குக் குடுக்கறது வேற, கடை போடறது வேற. அதுக்குத் தனியா ஒரு இழை தொடங்குங்க, இங்க வேண்டாம்.

மருமகளே, நாற்பதும் ஒரே நிறமா?

---

தண்டையார்பேட்டை_மருமகள்

இல்லக்கா, இருபது மஞ்சள், இருபது வெள்ளை. மாமியார் வெள்ளையைப் பார்த்துட்டு "சுப காரியத்துக்கு வெள்ளையா?"ன்னாங்க. அதனால வெள்ளைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டப் போறேன்.

---

புதுசு_கத்துக்கறேன்

வளைகாப்பு முடிஞ்சதும் அந்த மரப் பொட்டியை நான் ஒரு வாரம் கடன் வாங்கிக்கலாமா அக்கா? வியாசர்பாடிதான், நானே வந்து எடுத்துக்கறேன். உள்ளே ஜெல்லி தடவித் திருப்பித் தந்துடறேன்.

---

தண்டையார்பேட்டை_மருமகள்

தாராளமா வா. ஆனா நட்டு நாலுல ஒண்ணு தொலைஞ்சு போச்சு, அதுக்கு மட்டும் கயிறு கட்டியிருக்கேன், பரவால்லையா?

---

வால்டாக்ஸ்_ஆசாரி

கயிறா?! தங்கச்சி, நட்டு நான் குடுத்தனுப்பறேன். எட்டு மில்லிமீட்டரா ஆறா, அதை மட்டும் சொல்லுங்க.